சந்தைக் கணக்கும் கொப்பிக் கணக்கும்

புத்தளம் மாவட்டத்து வண்ணாத்திவில்லு கஜு விளையும் மண். அங்கே முக்கால் கிலோ கஜுவுக்கு விலை சொல்லப் பேனை தேவையில்லை. கிலோ விலையைப் பாதியாக்கி, அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கி, இரண்டையும் கூட்டினால் போதும். இதே கணக்கு கொப்பியில் பின்னப் பெருக்கலாக வரும்போது, விற்பனையில் கைதேர்ந்த பிள்ளையும் திணறக்கூடும். பயிற்சி போதவில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் குறை பயிற்சியில் இல்லை. இரண்டும் ஒரே கணக்குத்தான் என்பது பிள்ளைக்குத் தானாகப் புலப்படுவதில்லை; ஒருவர் காட்டித்தர வேண்டும்.

பிரேசிலின் ரெசிஃபி நகரச் சந்தைகளில் விற்கும் சிறுவர்களைப் பற்றித் தெரெசின்யா கராஹெர், டேவிட் கராஹெர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. ஒரு தேங்காய் 35 குருசேரோ (அன்றைய பிரேசில் நாணயம்), நான்கு எவ்வளவு என்று வாங்குபவர்போல் கேட்டார்கள். 12 வயதுப் பிள்ளை மூன்றின் விலையான 105இல் தொடங்கி, 30ஐக் கூட்டி 135 என்று வந்து, 140 என்று முடித்தது. பிறகு 35ஐ நான்கால் பெருக்கச் சொன்னபோது அதே பிள்ளை எழுதிய விடை 200. நாலைந்து இருபது என்று 2ஐ மேலே கொண்டுபோய், அதை முதலில் 3உடன் கூட்டி, பிறகு நான்கால் பெருக்கியதே பிழை. விதி அரைகுறையாக நினைவில் இருந்தது, அந்த 2 இரண்டு பத்துகள் என்ற பொருள்தான் இல்லை. தேங்காய்க்கு 200 கேட்க அந்தப் பிள்ளை ஒருநாளும் துணியாது.

பழகிய விலைகளை மனப்பாடமாகச் சொல்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் நடத்தி, 2025இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு அதற்கு இடம் வைக்கவில்லை. வழக்கமில்லாத அளவுகளைக் கேட்டபோதும் பெரும்பாலான பிள்ளைகள் சரியாகவே சொன்னார்கள். பாடநூல் வடிவக் கணக்குகளில்தான் சறுக்கினார்கள். சந்தையில் வேலை செய்யாத மாணவர்களின் நிலையோ நேரெதிர்: எளிய பாடக் கணக்கு வந்தது, சந்தைக் கணக்கு வரவில்லை. அதற்காகப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புவது தீர்வல்ல, அது அவர்களின் படிப்பைத்தான் பறிக்கும். அதோடு, பெரிய எண்களுக்கும் பின்னால் வரும் அட்சரகணிதத்துக்கும் எழுத்து முறை அவசியம்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் வகுப்பில் இரண்டு கணக்கையும் இணைத்துக் காட்ட நேரமேது என்பது ஆசிரியர்களின் நியாயமான கவலை. ஆனால் இதற்குத் தனிப் பாடவேளை தேவையில்லை. பிள்ளை வாயால் சொன்ன 105ஐயும் 35ஐயும் கரும்பலகையில் எழுதி, பக்கத்திலேயே நெடும்பெருக்கலைச் செய்து, நான்கை மூன்றும் ஒன்றுமாகப் பிரித்தாலும், முப்பத்தைந்தை முப்பதும் ஐந்துமாகப் பிரித்தாலும் 140தான் வருகிறது என்று காட்டலாம். பின்னாளில் அடைப்புக்குறியை நீக்கிப் பெருக்கும்போது அந்தப் பிள்ளை செய்யப்போவதும் இதே பிரிப்புத்தான்.