தலைக்கவசம்

‘எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம்’ என்பது பழமொழி. காண்பதற்கும் கேட்பதற்கும் நினைப்பதற்கும் உரிய உறுப்புகள் தலையிலேயே அமைந்துள்ளன. அத்தலையைக் காத்துக்கொள்வது ஒருவருடைய விருப்பமா, கடமையா என்னும் வினா, மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரிடையே நெடுநாளாக நிலவி வருகின்றது.

வடசென்னையில் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்களை இணைக்கும் சாலை ஓய்வறியாதது. துறைமுகத்திற்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் கண்டெய்னர் லாரிகளின் இடையே, தொழிலாளரும் வணிகரும் மோட்டார் சைக்கிளில் விரைகின்றனர். புகழ்பெற்ற புல்லட் வண்டியும் இப்பகுதிக்கு உறவுடையதே. 1955ஆம் ஆண்டில் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை திருவொற்றியூரில்தான் அமைந்தது.

“அடுத்த தெருவிற்குத்தானே செல்கிறேன்?” என்பார் ஒருவர். “புழுக்கம் தாங்கவில்லை” என்பார் மற்றொருவர். “என் தலை, என் விருப்பம்” என்பார் வேறொருவர். கடலோரத்துப் புழுக்கம் பொய்யன்று. ஆயினும், விபத்து தூரம் பார்த்து வருவதில்லை.

1935ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லாரன்ஸ் என்னும் புகழ்பெற்ற போர்வீரர், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். ஆறாம் நாள் உயிர் நீத்தார். அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அவருக்கு மருத்துவம் செய்தவருள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ், இத்தகைய காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார். தலைக்கவசத்தின் இன்றியமையாமையை 1941ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார். பின்னர்ப் பிரிட்டிஷ் இராணுவத்தின் மோட்டார் சைக்கிள் வீரர்கள் அதனை அணியலாயினர்.

தலை தரையில் மோதி நின்றவுடன், உள்ளிருக்கும் மூளை நில்லாது மண்டையோட்டில் மோதுகின்றது. தலைக்கவசத்தின் கெட்டியான வெளி ஓடு, அடியின் வேகத்தைப் பரப்புகின்றது. உள்ளே இருக்கும் நுரைப்பொருள் நசுங்கி, அவ்வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கின்றது. எனவே, ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது. தாடைவாரைப் பூட்டாமல் அணிந்த கவசம், விழும்போதே கழன்றுவிடும். வண்டியின் கைப்பிடியில் தொங்கும் கவசமோ, கைப்பிடியையே காக்கும்! ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற கவசத்தை வாங்குதலே நன்று. முறையாக அணிந்தால், விபத்தில் உயிரிழக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 42 பங்கு குறையும் என்று 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று கூறுகின்றது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணியவேண்டும் என விதிக்கின்றது. உயர்நீதிமன்ற ஆணையின்படி, 2015ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கித் தமிழ்நாட்டில் இவ்விதி கடுமையாக நடைமுறைக்கு வந்தது. ஆனால், காவலரைக் கண்டதும் அணிந்து, கடந்ததும் கழற்றுபவர், அபராதத்திலிருந்து தப்பலாம். ஆபத்திலிருந்து தப்ப இயலாது.

‘என் தலை’ என்று கூறுபவர் ஒன்றை மறந்துவிடுகின்றார். அவர் வீழ்ந்தால், மருத்துவமனை வாயிலில் காத்திருப்பவள் அவர் தாய். படிப்பை நிறுத்தி வேலை தேட வேண்டியவர் அவர் மக்கள். அவர்களுடைய விருப்பத்தையும் கேட்டே அவர் முடிவு செய்தல் வேண்டும்.

‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்று முன்னோர் மகிழ்ந்து கூறினர். தலைக்கு வருவது கவசத்தோடு போக வேண்டுமாயின், கவசம் தலையில் இருத்தல் வேண்டும் அன்றோ?