நல்லெண்ணம் என்னும் காப்பும் அதன் எல்லையும்

கலவரத்தை அடக்கச் செல்லும் பொலிஸாரும் குண்டைச் செயலிழக்கச் செய்யும் படையினரும் நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டியவர்கள் என்பதால், 'நல்லெண்ணத்துடன்' செய்த செயலுக்காக அவர்கள் மீது வழக்குத் தொடர முடியாது என்னும் விதி இலங்கைச் சட்டங்கள் பலவற்றில் உண்டு; பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 26 ஆம் பிரிவு அத்தகையது. உரிய கவனமும் எச்சரிக்கையும் இன்றிச் செய்தது நல்லெண்ணத்துடன் செய்ததாகாது எனத் தண்டனைச் சட்டக்கோவை வரையறுப்பதால், இக்காப்பு கடமையில் நேரும் தவறுக்கே உரியது, கடமையைக் கைவிடுவதற்கு உரியதன்று.

ஆயினும் காப்பைக் காலவரையறையிட்டு வழங்கிய சட்டமும் உண்டு. அரச பணியாளர்களுக்குப் பொறுப்புவிலக்களிக்கும் 1982 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் முதலில் 1977 ஓகஸ்ட் மாதத்துக்கு மட்டுமே பொருந்தியது. 1988 இல் வந்த திருத்தம் அதை அவ்வாண்டு டிசம்பர் 16 வரை நீட்டியபோது, வெள்ளவத்தையில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்த 1983 ஜூலையும் அதற்குள் அடங்கிற்று. ஒழுங்கை நிலைநாட்டச் செய்த செயலையே அச்சட்டம் காக்கிறது. பொலிஸாரும் படையினரும் எரிவதைப் பார்த்து நின்றதை அத்தகைய செயலென எவ்வாறு கொள்வது?

கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உட்படப் பல இடங்களில் 2019 ஏப்ரல் 21 அன்று குண்டுகள் வெடித்த பின், செயலின்மையே வழக்கின் பொருளாயிற்று. தாக்குதல் குறித்த தகவல் ஏப்ரல் 4 ஆம் திகதியே கிடைத்திருந்தும் அதைத் தடுக்கத் தவறியதால், சட்டத்தின் சமபாதுகாப்பும் வழிபாட்டுச் சுதந்திரமும் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் 2023 ஜனவரி 12 அன்று தீர்ப்பளித்தனர். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், முன்னாள் பொலிஸ்மா அதிபர் பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவர் நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடி ரூபாவும், பாதுகாப்பு அமைச்சின் முன்னாள் செயலாளர் ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி ரூபாவும் தம் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடாகச் செலுத்தப் பணிக்கப்பட்டனர். ஜனாதிபதியைப் பதவிக்காலத்தில் வழக்குகளிலிருந்து காக்கும் அரசியலமைப்பின் 35 ஆம் உறுப்புரை, பதவி நீங்கியவருக்கு அரணாகவில்லை.

குண்டுகள் வெடித்த அதே நாளில் தெமட்டகொடையில் வீடொன்றைச் சோதனையிடச் சென்ற பொலிஸார் மூவர் குண்டுவெடிப்பில் உயிரிழந்தனர். சட்டக் காப்பு யாருக்காக எழுதப்பட்டதோ, அவர்கள் இவர்களே.

குண்டுவெடிப்பு வழக்கைப் போன்ற அடிப்படை உரிமை மனுவை, அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அதன் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது.