அறிதுயிலும் மனநல சிகிச்சையும்: சொடக்குப் போட்டால் நோய் தீருமா?



சங்கிலியில் தொங்கும் ஒரு கடிகாரம் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. "உன் கண்கள் கனக்கின்றன... நீ தூங்கப் போகிறாய்..." என்று ஒரு குரல் கேட்கிறது. அடுத்த நொடி கதாநாயகி தன் இரகசியங்களை எல்லாம் கொட்டித் தீர்க்கிறார். பழைய படங்களில் இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்போம்! ஹிப்னாடிசம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இதுதான். கலந்துரையாடலுக்கு இந்தத் தலைப்பை எடுத்தபோது, "மந்திரம் மாயம் எல்லாம் நிகழ்ச்சியில் வேண்டுமா?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள்.

நான் மருத்துவர் அல்ல. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தவள். ஆனாலும் இந்தத் தலைப்பை நான் கேட்டு வாங்கியதற்குக் காரணம் என் சின்னம்மா. அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

சின்னம்மாவின் வீடு பிறையில். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. 2017ஆம் ஆண்டு ஒருநாள் காலை, சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பினாங்குப் பாலத்தைக் கடக்கும்போது ஒரு லாரி இடித்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, கை எலும்பு மட்டும் முறிந்தது. கை மூன்று மாதத்தில் சரியானது. மனம் சரியாகவில்லை. பாலத்தைத் தூரத்தில் பார்த்தாலே நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். இரவில் லாரி ஹாரன் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். கடல்மேல் மட்டும் எட்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாலம் அது. அதைக் கடக்காமல் வேலைக்குப் போக முடியாது. வேலை போயிற்று.

அரசாங்க கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அந்த நேரத்தில் யாரோ ஒருவர் சொல்ல, ஹோட்டலில் நடந்த 'ஆழ்மன சக்தி' கருத்தரங்கு ஒன்றுக்குப் போனார். மூன்று அமர்வு, 1,800 ரிங்கிட். முதல் அமர்விலேயே அந்த மனிதர் சின்னம்மாவைக் கண்மூட வைத்து நேராக விபத்து நடந்த இடத்துக்கே கொண்டு போனார். சின்னம்மா அலறியிருக்கிறார். "உள்ளே இருக்கும் விஷம் வெளியே வருகிறது, இனி மாத்திரை வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார் அவர். அந்த வாரம் சின்னம்மா பட்ட பாடு எங்கள் குடும்பத்துக்குத்தான் தெரியும். தலைசுற்றல், நடுக்கம், இரண்டு இரவு பொட்டுத் தூக்கம் இல்லை. "ஏம்மா, எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்று என்னிடமே கேட்டார்.

அப்போதுதான் இதைப் பற்றித் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஹிப்னாடிசம் முழுப் பொய் என்று நிரூபிக்க வேண்டும் என்ற கோபத்தோடுதான் தொடங்கினேன். படித்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை.

தூக்கமா, விழிப்பா?

முதலில் பெயரைப் பார்ப்போம். கிரேக்கர்களின் தூக்கத் தெய்வம் ஹிப்னோஸ். அந்தப் பெயரிலிருந்து வந்த 'ஹிப்னாடிசம்' என்ற சொல்லை, மான்செஸ்டர் நகர அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட் 1843இல் எழுதிய நூலின் வழியாகப் பரப்பினார். இது தூக்கம் அல்ல என்பது பின்னாளில் அவருக்கே புரிந்து, பெயரை மாற்றப் பார்த்தார். முடியவில்லை. பெயர் ஒட்டிக்கொண்டது.

தமிழில் நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. பாற்கடலில் பள்ளிகொண்ட திருமாலின் நிலையை நம் முன்னோர் 'அறிதுயில்' என்றார்கள். துயில்வது போலத் தெரியும், ஆனால் எல்லாம் அறிந்தே இருக்கும் நிலை. ஹிப்னாடிசத்துக்கு இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்கள் நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அறிதுயிலில் இருப்பவருக்குக் காது கேட்கும், அறையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும், வேண்டாம் என்றால் எழுந்து போகவும் முடியும். கவனம் மட்டும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். சுற்றி நடப்பது பின்னுக்குப் போய்விடும். சொல்லப்படும் யோசனைகளுக்கு மனமும் உடலும் வழக்கத்தைவிட எளிதாக இணங்கும். நாடகத் தொடரில் மூழ்கியிருக்கும்போது அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் போகிறதே, அதைக் கொஞ்சம் ஆழமாக்கி, ஒரு நோக்கத்தோடு பயன்படுத்துவதாக நினைத்துக் கொள்ளுங்கள்.

கோவாவில் பிறந்த பாதிரியார்

இந்தச் சக்தி யாரிடம் இருக்கிறது? வசியம் செய்பவரிடமா, செய்யப்படுபவரிடமா? தன்னிடமிருந்து பாயும் 'காந்த சக்தி'யே நோயைத் தீர்க்கிறது என்று பதினெட்டாம் நூற்றாண்டில் மெஸ்மர் என்ற மருத்துவர் சொன்னார். 1784இல் பாரிஸில் பெஞ்சமின் பிராங்க்ளின், லவாய்சியே போன்ற மேதைகள் அடங்கிய குழு அதைச் சோதித்துப் பார்த்து, காந்தமும் இல்லை, ஒன்றும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று தீர்ப்பளித்தது.

'கற்பனை' என்று குழு ஒதுக்கித் தள்ளியதைத்தான் ஓர் இந்தியர் பிடித்துக்கொண்டார். 1756இல் கோவாவில் பிறந்த பாதிரியார் அப்பே ஃபாரியா, 1813இல் பாரிஸில் செய்து காட்டியும் விளக்கியும் சொன்னது இதுதான்: வசியம் செய்பவரிடம் ஒரு சக்தியும் இல்லை, எல்லாம் எதிரே அமர்ந்திருப்பவரின் மனத்துக்குள்ளேயே நடக்கிறது. பாவம், கேலிக்கு ஆளாகியே 1819இல் இறந்து போனார். இன்று பனாஜி நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது.

அடுத்து வங்காளம். ஹூக்ளியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் எஸ்டெய்ல், 1845 ஏப்ரலில் ஒரு கைதிக்கு மெஸ்மரின் முறையைச் செய்து பார்த்தார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. அந்த ஆண்டே எட்டு மாதத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட வலியற்ற அறுவை சிகிச்சைகளைச் செய்ததாக அவர் கணக்குக் கொடுத்தார். அரசாங்கம் குழு அமைத்துப் பார்த்துவிட்டு, 1846இல் கல்கத்தாவில் இதற்கென ஒரு மருத்துவமனையே தந்தது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்து வந்துவிட்டது, அடுத்த ஆண்டு குளோரோஃபார்ம். மணிக்கணக்கில் கைவீசிக் கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? எஸ்டெய்லை மருத்துவ உலகம் மறந்தது.

மனநோய்ப் பக்கம் இதைக் கொண்டு வந்தவர்களில் பெரிய பெயர் சிக்மண்ட் ஃபிராய்ட். அவரும் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கைவிட்டார். எல்லாரும் அறிதுயிலுக்குள் போவதில்லை, போனவர்களுக்கும் பலன் நிலைப்பதில்லை என்பது அவர் கண்டது. அவர் கண்டதில் முதல் பாதி இன்றும் உண்மை. எல்லாருக்கும் இந்தத் திறன் ஒரே அளவில் இல்லை. சிலருக்கு மிக அதிகம், சிலருக்கு மிகக் குறைவு, பெரும்பாலோர் நடுவில். இதை அளக்க 1959 முதல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய அளவுகோல்கள் இருக்கின்றன.

தனி மருந்தா, துணை மருந்தா?

ஹிப்னாடிசம் தனியாக ஒரு சிகிச்சை அல்ல. மருத்துவ உளவியலாளர் ஏற்கெனவே செய்யும் சிகிச்சைக்கு அது ஒரு துணை. மீன் குழம்புக்குப் புளி மாதிரி என்று நான் வைத்துக் கொள்வேன். புளியை மட்டும் கரைத்துக் குடித்தால் வயிறுதான் கெடும்.

காக்னிடிவ் பிஹேவியர் தெரபி என்று ஒரு பேச்சு சிகிச்சை இருக்கிறது. நம் எண்ணங்களையும் நடத்தையையும் ஆராய்ந்து படிப்படியாக மாற்றிக்கொள்ளும் முறை. அதை மட்டும் செய்தவர்களையும், அதோடு அறிதுயிலையும் சேர்த்துச் செய்தவர்களையும் ஒப்பிட்ட 18 ஆய்வுகளை 1995இல் கிர்ஷ் என்பவரும் நண்பர்களும் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். சேர்த்துச் செய்தவர்களில் சராசரி நோயாளி, சேர்க்காதவர்களில் 70 விழுக்காட்டினரைவிட நல்ல முன்னேற்றம் கண்டிருந்தார். ஆனால் உடல்பருமன் பற்றிய ஆய்வுகளை அடுத்த ஆண்டே வேறு சிலர் திரும்பக் கணக்கிட, அந்த வித்தியாசம் கணிசமாகச் சுருங்கிவிட்டது. விளம்பரங்களில் முதல் பாதிதான் வரும், இரண்டாம் பாதி வராது.

சின்னம்மாவுக்கு நெருக்கமான ஆய்வு ஆஸ்திரேலியாவில் நடந்தது. விபத்து, தாக்குதல் போன்ற அதிர்ச்சிக்கு ஆளான 87 பேரை பிரையண்ட் குழுவினர் மூன்று பிரிவாக்கினார்கள். 2005இல் வெளிவந்த முடிவு: பேச்சு சிகிச்சையோடு அறிதுயிலும் பெற்றவர்களுக்கு, நடந்தது மீண்டும் மீண்டும் கண்முன் வந்து போகும் தொல்லை சிகிச்சை முடிந்த நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பேச்சு சிகிச்சை மட்டும் பெற்றவர்களும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆக, ஏணியில் ஏற ஒரு கைப்பிடி கிடைக்கிறது. ஏற வேண்டியது நாம்தான்.

சின்னம்மாவுக்குப் பிறகு அமைந்த மருத்துவ உளவியலாளர் இந்த ஏணியைத்தான் போட்டார். முதல் மூன்று சந்திப்பில் ஹிப்னாடிசம் என்ற பேச்சே இல்லை. கேள்விகள், மாத்திரையைத் திரும்பத் தொடங்க மருத்துவரோடு கலந்து பேசுதல், பயங்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்தி எழுதுதல். பாலத்தின் படத்தைப் பார்ப்பது முதல் படி, மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடப்பது பத்தாம் படி. நான்காம் சந்திப்பில்தான் கண்மூடி உட்கார வைத்தார். கடிகாரமும் இல்லை, சொடக்கும் இல்லை. மூச்சைக் கவனிப்பது, தோள் தளர்வது, மனத்துக்குப் பிடித்த ஓர் இடத்துக்குப் போவது, அவ்வளவே. சின்னம்மா தேர்ந்தெடுத்த இடம் தண்ணீர்மலைக் கோயில் படிக்கட்டு. அந்த அமைதியில் இருந்துகொண்டே முதல் படியைக் கற்பனை செய்து பார்த்தார். படபடத்தால் மீண்டும் கோயில் படிக்கட்டு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தினால் அந்த அமைதி நினைவுக்கு வரும்படி பழகிக்கொண்டார். வீட்டில் தினமும் கேட்க ஓர் ஒலிப்பதிவும் உண்டு. கற்பனையில் ஒரு படி கடந்ததும், மறுவாரம் நிஜத்தில் அதே படி. ஹோட்டல்காரர் முதல் நாளிலேயே பத்தாம் படியில் கொண்டுபோய் நிறுத்தியது எவ்வளவு பெரிய தவறு என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

அருள் வருவதும் இதுதானா?

தண்ணீர்மலை என்றதும் அரங்கில் இந்தக் கேள்வி வந்தது. தைப்பூசத்தில் அலகு குத்தியவர் முகத்தில் வலி தெரிவதில்லையே, அதுவும் ஹிப்னாடிசமா? இங்கே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் காலின் வார்ட், மலேசியத் தைப்பூசத்தின் அருள்நிலை பற்றி 1984இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். விரதம், உறுமி மேளம், கூட்டத்தின் வேல் முழக்கம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்து கவனத்தை ஒரே புள்ளியில் குவிப்பதில் இரண்டுக்கும் உறவு இருக்கலாம். ஆனால் காவடி எடுப்பவர் போவது நேர்த்திக்கடனுக்கு. அவர் யாருடைய நோயாளியும் அல்லர். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது பக்திக்கும் நியாயமில்லை, மருத்துவத்துக்கும் நியாயமில்லை என்பது என் எண்ணம்.

முற்பிறவியைக் காட்ட முடியுமா என்றும் ஒருவர் கேட்டார். 2009இல் இந்தியாவின் என்டிடிவி இமேஜின் அலைவரிசை, முற்பிறவியைக் காட்டுவதாக ஒரு நிகழ்ச்சியையே நடத்தியது. தொலைக்காட்சிக்காரி என்ற முறையில் சொல்கிறேன், பார்க்க விறுவிறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அறிதுயிலில் வரும் காட்சி உண்மை என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்த நிலையில் கற்பனையும் நினைவு போலவே தோன்றும், உறுதியும் கூடிவிடும். 1990களில் மேலை நாடுகளில் இப்படி 'மீட்கப்பட்ட' நினைவுகளை நம்பிப் பெற்றோர் மீதே வழக்குப் போட்டு உடைந்த குடும்பங்கள் ஏராளம். மாயத்தோற்றம், மாயக்குரல் கொண்ட மனச்சிதைவு நோயாளிகளுக்கு இது பாதிப்பை உண்டாக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

யாரிடம் போவது?

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் முதலில் அங்கீகரிக்கப்பட்ட ஏழு துறைகளில் ஹிப்னோதெரபி இல்லை. அதனால் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்து ஏமாறாதீர்கள். "நீங்கள் மருத்துவரா, மருத்துவ உளவியலாளரா, பதிவு பெற்ற ஆலோசகரா?" என்று நேராகவே கேளுங்கள். ஆலோசகர்களுக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம். ஹிப்னாடிசம் இல்லாமலேயே உங்கள் நோய்க்குச் சிகிச்சை தரத் தெரியாத ஒருவர், ஹிப்னாடிசத்தாலும் தர முடியாது. மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரே அமர்வில் தீரும் என்றாலும் அப்படியே.

பணம் இல்லையே என்று தயங்குபவர்களுக்கு, அரசாங்க கிளினிக்கில் தொடங்கிப் பினாங்கு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவு வரை வழி இருக்கிறது. காத்திருக்க வேண்டும், உண்மைதான். அவசரமென்றால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழைக்கலாம். பெரியவர்களில் மனச்சோர்வு உள்ளவர்கள் 2019இல் 2.3 விழுக்காடு, 2023இல் 4.6 விழுக்காடு என்கிறது அமைச்சின் ஆய்வு. அடுத்த வீட்டில் ஒருவர் இருக்கிறார் என்றே வைத்துக் கொள்ளுங்கள்.

சின்னம்மா 2019 தைப்பூசத்துக்கு பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வந்தார். அந்த ஆண்டுக் கடைசியில் தொழிற்சாலைப் பேருந்தில் பாலத்தைக் கடந்து மீண்டும் வேலைக்குப் போனார். பாலத்தின் மேட்டில் ஏறும்போது இன்றும் இரண்டு விரல்களையும் சேர்த்து அழுத்திக் கொள்வாராம். பத்தாம் படி மட்டும் பாக்கி. "மோட்டார்ல மட்டும் ஏற மாட்டேம்மா, உன் சித்தப்பா ஓட்டுற ஓட்டுக்கு அது பயமில்ல, புத்தி" என்கிறார்.