கஷ்டமான வேலை எல்லாம் முக்கியமான வேலை இல்லை



போன எபிசோட்டில் "நாங்களே கட்டுறதா, காசு குடுத்து வாங்குறதா?" எண்டு கதைச்சம். நேரம் போதாமல் பாதியில் விட்டதை இங்கே எழுதி முடிக்கிறேன்.

முதலில் என் கதை. சில வருஷங்களுக்கு முன் டொராண்டோவில், வீடுகளுக்குச் சாப்பாட்டுப் பெட்டி அனுப்பும் ஒரு சின்ன நிறுவனத்தில் கான்ட்ராக்ட் செய்தேன். என்னோடு இன்னும் ஐந்து டெவலப்பர்கள். எங்கள் வேலை, கனடா முழுவதற்கும் விற்பனை வரி கணக்குப் போடும் சிஸ்டம். அல்பர்ட்டாவில் 5 சதவீதம், ஒன்டாரியோவில் 13, கியூபெக்கில் 5-ம் 9.975-ம் தனித்தனியாக. அதற்குள், சமைத்த சாப்பாட்டுக்கு வரி உண்டு, அரிசி பருப்புக்கு இல்லை. மூளைக்கு நல்ல தீனி! 14 மாதம் ரசிச்சு ரசிச்சுக் கட்டினோம்.

அதே நேரம், எந்தப் பெட்டி எந்த வானில் எந்த ஒழுங்கில் போகவேணும் என்பதை ஒரு அக்கா தினமும் விடிய 4 மணிக்கு எக்செல்லில் போட்டுக்கொண்டிருந்தா. சாப்பாடு பிந்தினதால் வாடிக்கையாளர்கள் விட்டுப் போனார்கள். வரி சரியாக இருக்கு எண்டு ஒருத்தரும் வரவில்லை. காசு முடிஞ்சது. எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், அந்த அக்காவையும்தான்.

எங்கே பிழைச்சது? "இது கஷ்டமா?" என்ற ஒரு கேள்வியை மட்டும்தான் கேட்டோம். "இதுக்காக யாராவது எங்களிட்ட வருவினமா?" என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை.

எரிக் எவன்ஸ் 2003-இல் எழுதிய 'டொமைன் டிரிவன் டிசைன்' புத்தகத்தில் இருந்து வளர்ந்த சிந்தனை ஒரு பிசினஸை மூன்றாகப் பிரிக்கிறது: உங்களை வேறுபடுத்தும் 'கோர்', அதற்குத் துணை நிற்கும் 'சப்போர்ட்டிங்', எல்லாக் கம்பனிக்கும் பொதுவான 'ஜெனரிக்'. பிறகு நிக் டியூன் அதை ஒரு படமாக்கினார். ஒரு கோட்டில் சிக்கல், மற்றக் கோட்டில் வேறுபாடு.

ஒரு கொத்துரொட்டிக் கடையை நினையுங்கோ. கார்டு மெஷினுக்குள் இருக்கும் தொழில்நுட்பம் பயங்கரச் சிக்கல். ஆனால் பக்கத்துக் கடையிலும் அதேதான். கடைக்காரர் மெஷின் செய்யப் போவாரா? மாட்டார். ஆனால் கறித்தூளை மட்டும் தானே வறுத்து அரைப்பார். சனம் வருவது அதுக்குத்தானே!

அப்படியே நாலு கட்டம் வரும்:

சிக்கல் குறைவு, வேறுபாடும் குறைவு: மலிவாக வாங்குங்கோ.

சிக்கல் கூட, வேறுபாடு குறைவு: வரி, லாகின், பேமென்ட். இதையும் வாங்குங்கோ. டெவலப்பர்கள் ஆசைப்பட்டு விழுகிற கிடங்கு இதுதான்.

சிக்கல் குறைவு, வேறுபாடு கூட: கெதியாகக் கட்டுங்கோ, ஆனால் நிலைக்காது. ஸ்னாப்சாட் 2013-இல் கொண்டுவந்த ஸ்டோரீஸை 2016-இல் இன்ஸ்டாகிராம் எடுத்துக்கொண்டது.

இரண்டும் கூட: இதுதான் கோர். உங்கள் திறமையான ஆட்கள் இருக்கவேண்டிய இடம்.

இதைச் சரியாகச் செய்தது நெட்ஃபிளிக்ஸ். 2008-இல் அவர்களுடைய டேட்டாபேஸ் பழுதாகி, மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியவில்லை. பிறகு சர்வர் வேலையை அமேசான் கிளவுட்டுக்கு மாற்றத் தொடங்கி, 2016 ஜனவரியில் முடித்தார்கள். பிரைம் வீடியோ நடத்தும் போட்டிக்காரனிடமே! ஆனால் வீடியோவை வீட்டுக்குக் கொண்டுசேர்க்கும் 'ஓபன் கனெக்ட்' வலையமைப்பை மட்டும் 2012-இல் சொந்தமாக அறிவித்தார்கள். சர்வர் எல்லாருக்கும் வேணும். ஆனால் இரவு 9 மணிக்குப் படம் நடுவில் நிண்டால் சனம் நெட்ஃபிளிக்ஸைத்தான் திட்டும்.

ஒன்று கவனியுங்கோ, இந்தக் கட்டங்கள் நிலையானவை இல்லை. டிவிடி அனுப்புவதுதான் ஒருகாலத்தில் நெட்ஃபிளிக்ஸின் உயிர்நாடி. ஆகவே வருஷத்துக்கு ஒருக்காவது படத்தைத் திரும்பக் கீறிப் பாருங்கோ.

இது மனேஜர்மாருக்கு மட்டும் உரிய கதை இல்லை. உங்களில் நிறையப் பேர் இப்பதான் முதல் வேலைக்குப் போகிறீர்கள். இன்டர்வியூவில் "என்ன ஃபிரேம்வொர்க் பாவிக்கிறீங்கள்?" எண்டு கேட்பீர்கள்தானே. அதோடு இதையும் கேளுங்கோ: "இந்த டீம் செய்யிறதை நாளைக்கு வெளியில வாங்கினால், உங்கட வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியுமா?"

"தெரியாது" எண்டு பதில் வந்தால், அந்த வேலை எவ்வளவு சுவாரசியமாக இருந்தாலும் யோசிச்சு முடிவெடுங்கோ. நான் 14 மாதம் கழிச்சுத்தான் அதை யோசிச்சேன்.

உங்கள் டீம் எந்தக் கட்டத்தில்? இந்த மின்னஞ்சலுக்கே பதில் போடுங்கோ, அடுத்த எபிசோட்டில் கதைப்பம்.