குர்பானி ஈரலில் நீர்க்கட்டியா? நாய்க்குப் போடாதீர்கள்!

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டால் மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் ஆடு வாங்கக் கூட்டம் அலைமோதும். வயது, கண், கால், காது என்று எல்லாம் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆனால் அறுத்த பிறகே தெரியவரும் குறை ஒன்று உண்டு. சில ஆடு, மாடுகளின் ஈரலிலோ நுரையீரலிலோ வெள்ளைத் தோலுடன் நீர் நிறைந்த கட்டி இருக்கும். “இது ஆகாது” என்று வெட்டி, வாசலில் நிற்கும் நாய்க்கு வீசிவிடுவார்கள். தவறு நடப்பது அங்கேதான்.

அந்தக் கட்டி ‘எக்கினோகாக்கஸ்’ என்ற நாடாப்புழுவின் இளம் பருவமாக இருக்கலாம். அப்படியானால் அந்த நீருக்குள் ஆயிரக்கணக்கான புழுத் தலைகள் இருக்கக்கூடும். நாய் தின்றால் அவை அதன் குடலில் ஒட்டி, ஆறேழு வாரங்களில் முழுப்புழுவாகும். நாடாப்புழு என்றதும் முழ நீளத்தை நினைக்க வேண்டாம். இது அரை சென்டிமீட்டர்தான். நாய் நலமாகவே திரியும். முட்டைகள் மட்டும் அதன் மலத்தோடு வெளியேறி மண், புல், கீரை, நாயின் உரோமம் என ஒட்டிக்கொள்ளும். புல்லை மேயும் ஆட்டுக்கு மீண்டும் கட்டி. நாயைத் தடவிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடும் பிள்ளைக்கும் அதே கட்டி.

கட்டி இருந்த ஆட்டின் இறைச்சியைச் சாப்பிட்டால் இந்நோய் வருமா? வராது. நாய் வழியாக வரும் முட்டைதான் காரணம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் தொற்றாது.

மனித உடலில் இக்கட்டி வலியில்லாமல் பல ஆண்டுகள் வளரும். சிறுவயதில் உள்ளே போன முட்டை, முப்பது வயதில் ஸ்கேனில் தெரியலாம். உடைந்தால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அல்பெண்டசோல் மாத்திரை, அறுவை சிகிச்சை என்று வைத்தியம் உண்டு; ஆனால் நீண்ட வைத்தியம். உலகில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஐஸ்லாந்து ஒரு காலத்தில் இந்நோயால் மிகவும் அவதிப்பட்ட நாடு. 1863-இல் டென்மார்க்கிலிருந்து ஹரால்ட் கிராபே என்ற அறிஞர் அங்கு சென்று ஆராய்ந்தார். மறுவருடம் அவர் எழுதிய சிறுநூல் வீடு வீடாகக் கொடுக்கப்பட்டது. கழிவு உறுப்புகளை நாய்க்குப் போடாதீர்கள் என்பதே அதன் சாரம். மக்கள் கேட்டார்கள், பின்னாளில் அந்நாட்டிலிருந்து நோயே ஒழிந்தது.

நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவும் சட்டம் இந்தப் புழுவுக்காகத்தான் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மார்க்கச் சட்டத்தைப் பின்பற்ற நமக்குப் புழு சாட்சி தேவையில்லை. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸையும் மறக்க வேண்டாம். நாயைக் கல்லால் அடிப்பது இதற்குத் தீர்வல்ல.

தோட்டத்துக்கோ கிடைக்கோ காவல் நாய் வைத்திருப்பவர்கள், ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையிலோ கேட்டு, பிராசிகுவாண்டல் என்ற குடற்புழு மாத்திரையைக் கொடுத்து வாருங்கள். அறுக்க வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கட்டியைக் கீறி உடைக்க வேண்டாம், உறுப்போடு எடுத்துக் குழியில் போடட்டும். குழி நாய் தோண்ட முடியாத ஆழத்தில் இருக்க வேண்டும். மூடிய பின் மேலே ஒரு பாறாங்கல்லையும் வைத்துவிடுங்கள்.