ஒரே படம் பல நிறம் காட்டுவதேன்?

சென்ற மாதம் எம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன் மடிக்கணினியுடன் கலங்கிய முகத்தினனாய் வந்தான். அவனுடைய அம்மம்மா தமது எண்பதாவது பிறந்த நாளிலே, பெட்டியிற் பேணி வைத்திருந்த கூறைச் சேலையை உடுத்தி அமர்ந்திருக்க, அவன் படம் பிடித்திருந்தான்.

“சேர், கமராவின் திரையிலே சேலை நல்ல சிவப்பாய் இருந்தது. கணினியில் திறந்ததும் ஒரு கணம் அப்படியே தோன்றிப் பின் வெளிறிவிட்டது. வேறொரு மென்பொருளிலே செம்மஞ்சளாய்த் தெரிகிறது. கோப்புப் பழுதாகிவிட்டது, அழித்துவிடட்டுமா?” என்றான்.

“அழித்துவிடாதே” என்று தடுத்தோம். பழுது எதுவும் நேரவில்லை.

அவன் எடுத்தது ‘ரோ’ என்னும் வகைக் கோப்பு. ‘சமைக்காதது’ என்பதே அச்சொல்லின் பொருள். அதனை அரிசிக்கு ஒப்பிடலாம். கமரா தானே ஆக்கித் தரும் ‘ஜேபெக்’ படம் சோறு. அரிசி ஒன்றாயினும் ஆக்குவோர் கைக்கேற்பச் சோறு வேறுபடுமன்றோ?

கமராவினுள் இருக்கும் உணரி ஒளியின் அளவை மட்டுமே அறியும், நிறத்தை அறியாது. ஆதலின் அதன்மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் பதிக்கப்படுகின்றன. கொடக் நிறுவனத்தைச் சேர்ந்த பிறைஸ் பேயர் வகுத்து, 1976 ஆம் ஆண்டிற் காப்புரிமை வழங்கப்பெற்ற அமைப்பே இன்றும் பெரும்பாலான கமராக்களில் உள்ளது. அதிலே நான்கு கட்டங்களுள் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒவ்வொரு கட்டமும் ஒரு நிறத்தின் அளவையே தரும். எஞ்சிய இரண்டையும் அயற்கட்டங்களைக் கொண்டு மென்பொருள் கணித்தறிதல் வேண்டும்.

இக்கணிப்பு மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். எதனை வெள்ளை என்று கொள்வது, உணரி தந்த எண்களை எந்நிறங்களாக மாற்றுவது, நிழலையும் ஒளியையும் எவ்வளவு உயர்த்துவது என்பனவற்றிலும் ஒவ்வொன்றும் தன் வழியே செல்லும்.

அவ்வாறாயின் முதற்கணம் தோன்றிய சிவப்பு எங்கே போயிற்று? ரோ கோப்பினுள்ளே கமரா ஆக்கிய ஜேபெக் படமொன்றும் பொதிந்திருக்கும். மென்பொருள் முதலில் அதனைக் காட்டி, பின் தான் ஆக்கியதை அதனிடத்தில் வைக்கின்றது. கமராவிலே நாம் தெரிவுசெய்த நிறப்பாங்கை அந்தக் கமராவைச் செய்தோரின் மென்பொருள் வாசித்து அவ்வாறே காட்டும். லைட்ரூம், டார்க்டேபிள், ரோதெரப்பீ போன்ற பிறவோ பெரும்பாலும் தத்தம் முறையிலேயே தொடங்கும்.

ஆகவே, திரையில் முதலிற் காண்பது தொடக்கமேயன்றி முடிவன்று. ஜேபெக்கில் ஒரு நிறத்திற்கு 256 படிகளே உள. 14 பிட் ரோ கோப்பிலோ 16,384 படிகள். திருத்துவதற்கு அங்கே இடம் மிகுதி. மேலும், இம்மென்பொருள்கள் மூலப்படத்தை மாற்றுவதில்லை. நம் திருத்தங்களை வேறாகக் குறித்து வைக்கின்றன. பத்தாண்டு கழிந்த பின்னும் அதனைப் புதிதாய் ஆக்கிக்கொள்ளலாம். ஜேபெக் இருக்கிறதென்று ரோவை அழிப்பவர், சோறு இருக்கிறதென்று அரிசிப் பானையைக் கவிழ்த்தவராவர்.

“மென்பொருள் ஒன்றையே தெரிந்துகொள். சேலையைப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, வெண்மைச் சமநிலையை அதற்கேற்பத் திருத்து” என்று கூறி அனுப்பினோம்.

சென்ற வாரம் அச்சிட்ட படத்துடன் வந்தான். அதைக் கண்ட அம்மம்மா, “இதுதான் என்ரை கூறை” என்றாராம். நிறத்திற்கு இதனினும் மேலான சான்று வேண்டுமோ?