காய்ந்த பாத்திரமும் கேஸ் அடுப்பும்

ஈயச் சொம்பு 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கேஸ் அடுப்பின் நீலச் சுவாலையோ ஆயிரம் டிகிரிக்கும் மேல். அப்படியிருந்தும் பாட்டி காலத்துச் சொம்பில் இன்றும் ரசம் கொதிக்கிறது என்றால், அதைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் புளித்தண்ணீர்தான். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து, வருகிற சூட்டையெல்லாம் ஆவியாக வெளியேற்றிவிடும். உலோகம் அதைத் தாண்டி அதிகம் சூடேறாது.

அதனால்தான் புளிக்கரைசலை ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவைக்கிறார்கள். சிறிய பர்னர், சிம்மில் தீ. சுவாலை பக்கவாட்டில் ஏறினால், ரசம் எட்டாத கழுத்துப் பகுதி குழைந்து தொங்கிவிடும். வாங்கும்போது சுத்தமான வெள்ளீயமா என்று கேட்டு, தெரிந்த கடையில் வாங்குவது நல்லது. காரீயம் கலந்திருந்தால் அது புளிப்பில் கரைந்து உடம்புக்குள் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும்.

நான்ஸ்டிக் தவாவுக்கும் ஓர் எல்லை உண்டு. அதன் டெஃப்லான் பூச்சு சுமார் 260 டிகிரி வரை தாங்கும். வெறும் தவாவைப் பெரிய பர்னரில் வைத்துவிட்டு போன் பேசப் போனால், சில நிமிடங்களில் அந்த எல்லை தாண்டிவிடும். பூச்சு சிதைந்து எழும் புகையில் கூண்டுப் பறவைகள் செத்துப்போனது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. சப்பாத்திக்கும் தாளிப்புக்கும் இரும்புதான் சரி. எண்ணெயில் பழக்கிய தோசைக்கல் எவ்வளவு காய்ந்தாலும் அசராது. வார்ப்பிரும்பாக இருந்தால் மட்டும், சூட்டோடு சூடாகக் குழாயடியில் காட்டக் கூடாது, விரிசல் விடும்.

குக்கரின் கதை வேறு. உள்ளே அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் சுமார் 120 டிகிரியில் கொதிக்கிறது. பருப்பு சீக்கிரம் வேகும் ரகசியம் அதுதான். தண்ணீர் வற்றினாலோ வெயிட் வால்வு அடைத்தாலோ, மூடியிலுள்ள சேஃப்டி வால்வின் உலோகக் கலவை உருகி ஆவிக்கு வழிவிடும். அந்தச் சின்னப் பொத்தானை மாற்றும்போது பத்து, இருபது ரூபாய் மிச்சம் பிடிக்க நினைப்பது அநியாயத் துணிச்சல். அதே கம்பெனியின் வால்வையே போட வேண்டும். பருப்பு, அரிசி போல நுரைத்துப் பொங்குபவை பாதிக்கு மேல் வேண்டாம். மூடும் முன் ஆவிக்குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஒட்டியிருக்கும் பருப்புத்தோல் தெரிந்துவிடும். குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 முதல் கட்டாயம். ஆன்லைனில் வாங்குபவர்களும் பார்க்க வேண்டியது அதைத்தான்.

அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை வைத்து, மறுநாள் வரை அப்படியே விடுவது நல்லதல்ல. சமைத்ததும் எவர்சில்வருக்கு மாற்றிவிடலாம்.

பாத்திரத்தின் அடியில் கரி படிகிறதா? பெரும்பாலும் பழி பர்னர் மேல்தான். ஓட்டைகள் அடைத்துக் காற்று சரியாகக் கலக்காதபோது, நீலம் போய் மஞ்சள் சுவாலை வரும். கேஸும் வீண். அடுப்பு ஆறிய பிறகு பர்னரைக் கழற்றி, ஊசியால் குத்திக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டலாம். அப்புறமும் மஞ்சளாகவே எரிந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான்.